லிக்டன்ஸ்டைன் பற்றிச் சுற்றும் வாட்ஸ்அப் பதிவு: எது உண்மை, எது பிழை?

வாசகர் கேள்வி, 5 ஆகஸ்ட் 2025

லிச்சென்ஸ்டீன் என்றொரு நாடு பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. சொந்த விமானநிலையம் இல்லை, சொந்த நாணயம் இல்லை, சொந்த மொழி இல்லை, ராணுவம் இல்லை. சிறையில் ஏழே பேர். வீட்டுக் கதவை யாரும் பூட்டுவதில்லை. வரியே கிடையாது. எல்லோரும் பணக்காரர்கள் என்பதால் வேலைக்குப் போகத் தேவையில்லை. இதில் எவ்வளவு உண்மை? உண்மை என்றால் நம்மால் ஏன் அப்படி வர முடியவில்லை?

5 ஆகஸ்ட், இரவு

இந்தப் பதிவை எனக்கு மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் சொந்த மச்சான். நான் அந்த நாட்டுக்கு நேர் எதிரே இருக்கிறேன். ரைன் ஆற்றின் இந்தக் கரை சுவிஸ், அந்தக் கரை லிக்டன்ஸ்டைன். இங்கே புக்ஸ் என்ற ஊரில் வீடு, அங்கே ஷான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 23 வருடமாக ஆற்றைக் கடந்து போய் வருகிறேன்.

விமானநிலையம் இல்லை என்பது சரி. பால்சர்ஸில் ஹெலிகொப்டர் இறங்க ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான். நாணயம் சுவிஸ் பிராங்க், அதுவும் சரி. ராணுவத்தை 1868இல் கலைத்துவிட்டார்கள், சரி. வரி கிடையாது என்பது பிழை. வேலைக்குப் போகத் தேவையில்லை என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆறேகாலுக்கு அந்தப் பாலத்தில் வந்து நின்று பாருங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், விடிய எழும்ப வேண்டும்.

6 ஆகஸ்ட்

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து லிச்சென்ஸ்டீன் என்று எழுதுகிறோம். அங்குள்ளவர்கள் சொல்வது ஏறத்தாழ லிக்டன்ஸ்டைன். தலைநகரை எழுத்துப்படி வாடுஸ் என்போம், அவர்கள் வாயில் அது ஃபடுட்ஸ். நான் போன முதல் கிழமையில் பஸ் ஓட்டுநரிடம் வாடுஸ் என்று கேட்டேன். அவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

மொத்தப் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். வடக்கே ருக்கெல், தெற்கே பால்சர்ஸ், இடையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 11 ஊராட்சிகள். மக்கள் ஏறத்தாழ 40,000. இன்னொரு சங்கதி: கடல் இல்லாத நாடு மட்டும் இல்லை, அதைச் சுற்றியுள்ள சுவிஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் கடல் இல்லை. உலகில் இப்படி இரண்டே நாடுகள், மற்றது உஸ்பெகிஸ்தான்.

மொழி ஜெர்மன். ஆனால் பேசுவது அலமானிய வட்டார வழக்கு, ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பகுதியில் ட்ரீசன்பெர்க் மலைக் கிராமத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் பல நூறு வருடம் முன்பு சுவிஸின் வாலிஸ் பகுதியில் இருந்து மலை தாண்டி வந்து குடியேறிய வால்சர்கள், பேச்சே வேறு. அவர் வாயைத் திறந்தாலே பள்ளத்தாக்குக்காரர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள், அவரும் விடமாட்டார். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் ஒருவரை ஒருவர் பேச்சை வைத்துச் சீண்டுவது போலத்தான். 'சொந்த மொழி இல்லை' என்று அந்த மனிதரிடம் யாராவது சொல்லிப் பாருங்கள்.

8 ஆகஸ்ட்

வரி. வருமான வரி உண்டு. சொத்துக்கும் உண்டு: சொத்து மதிப்பில் ஒரு சிறு விழுக்காட்டை வருமானமாகக் கருதி, சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நிறுவனங்களுக்கு 12.5 சதவீதம். கடையில் வாங்கும் பொருளுக்குச் சுவிஸில் உள்ள அதே 8.1 சதவீதம். குறைவு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது.

'வரி இல்லாத நாடு' என்ற பெயர் எப்படி வந்தது என்றால், வெளிநாட்டுப் பணக்காரர்கள் அங்கே அறக்கட்டளை என்றும் நிறுவனம் என்றும் பதிந்து தங்கள் நாட்டு வரியில் இருந்து தப்பியதால். ஒரு காலத்தில் நாட்டின் மக்கள் தொகையை விட அப்படிப் பெயர்ப்பலகையாக மட்டும் இருந்த நிறுவனங்கள் அதிகம். 2008இல் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் விவரங்கள் ஜெர்மன் அரசின் கைக்குப் போய்ப் பெரிய பூகம்பமே வந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் சர்வதேச வரி விதிகளை ஏற்பதாக அரசு அறிவித்தது. இப்போது கணக்கு விவரங்கள் மற்ற நாடுகளுக்குத் தாமாகவே போகின்றன. அந்தப் பழைய வியாபாரம் நன்றாகச் சுருங்கிவிட்டது. நாடு சுருங்கவில்லை. இதைத்தான் நான் விளக்க வேண்டும், ஆனால் நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம்.

9 ஆகஸ்ட்

ஒருவர் ராணுவக் கதையைக் கேட்டிருக்கிறார். 1866இல் 80 பேர் போருக்குப் போய் 81 பேராகத் திரும்பி வந்தார்கள் என்பது. போனது உண்மை. ஆஸ்திரியாவின் பக்கம், இத்தாலி எல்லையில் ஸ்டில்ஃப்சர் கணவாயைக் காக்க அனுப்பினார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை. வழியில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 81 பேராக வந்தார்கள் என்று ஊரே சொல்லும். அந்த 81ஆவது ஆள் யார் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், ஒருவர் ஆஸ்திரியர் என்பார், இன்னொருவர் இத்தாலியர் என்பார். அதனால் நான் இதை ஊர்க்கதை என்றே வைத்திருக்கிறேன். கடைசிப் படைவீரர் ஆந்திரேயாஸ் கீபர் 1939 வரை உயிரோடு இருந்தார், 94 வயதில் இறந்தார்.

2007 மார்ச்சில் நடந்தது கதை இல்லை. ஏறத்தாழ 170 சுவிஸ் ராணுவத்தினர் இரவுப் பயிற்சியில் வழி தவறி, எல்லை தாண்டி லிக்டன்ஸ்டைனுக்குள் நடந்து போய்விட்டார்கள். அந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. சுவிஸ் தானாகச் சொன்ன பிறகுதான் தெரியவந்தது. அன்று வேலைத்தலத்தில் சுவிஸில் இருந்து போன எங்களை எல்லாம் பார்த்து, 'இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், எண்ண வேண்டுமா?' என்று மேற்பார்வையாளர் கேட்டார். நாள் முழுக்கச் சிரிப்பு.

15 ஆகஸ்ட், வெள்ளி

இன்று அவர்களுடைய தேசிய நாள். எங்களுக்கும் விடுமுறை. வாடுஸ் கோட்டைக்கு அருகே உள்ள புல்வெளியில் அரச நிகழ்வு நடக்கும், யாரும் போகலாம். நானும் இரண்டு மூன்று தரம் போயிருக்கிறேன். நாட்டை ஆளும் இளவரசரின் குடும்பம் சனத்தோடு சனமாக நிற்கும், பேசும். தேசிய கீதம் பாடும்போது முதல் தரம் கேட்கிறவருக்கு ஒரு தடுமாற்றம் வரும், ஏனென்றால் மெட்டு பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டேதான். இரவில் வாணவேடிக்கை, அதை எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தே பார்க்கலாம். இதை எழுதும்போது அங்கே வெடிக்கத் தொடங்கிவிட்டது.

கொடியைப் பற்றி: 1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் தங்கள் கொடியும் ஹெய்ட்டியின் கொடியும் ஒன்று என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் நீலத்தில் ஒரு பொன் கிரீடம் ஏறியது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று நேரம் இருக்கிறது.

இந்த நாடு எப்போதும் பணக்கார நாடு என்று நினைக்கிறோமே, அது பெரிய பிழை. 'சின்ன நாடு, மலை, கோட்டை, இளவரசர், அதனால் பணம்' என்று நானும் வந்த புதிதில் நினைத்தேன். என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் பாட்டன் காலத்துக் கதைகளைச் சொல்லுவார். அவரிடம்தான் வேறு ஒரு நாட்டைத் தெரிந்துகொண்டேன்.

19ஆம் நூற்றாண்டில் அது பிழைக்க வழியில்லாத ஊர். ரைன் பெருகினால் வயல் போய்விடும். பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளை வசந்த காலத்தில் ஜெர்மனியின் ஷ்வாபன் பகுதிக்கு நடத்திக் கூட்டிப் போவார்கள். அங்கே சந்தையில் பண்ணைக்காரர்கள் பார்த்து எடுப்பார்கள், மாடு மேய்க்க, வீட்டு வேலை செய்ய. இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் திரும்புவார்கள். ஆஸ்திரியாவின் ஃபோரால்பெர்க், டிரோல், சுவிஸின் கிரவுபுண்டன் மலைப்பகுதிகளில் இருந்தும் இப்படிப் போனார்கள், லிக்டன்ஸ்டைனில் இருந்தும் போனார்கள். முதியவர் இதைச் சொன்ன நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இளவரசர்கள்? அவர்கள் அங்கே இருக்கவே இல்லை. லிக்டன்ஸ்டைன் என்பது முதலில் குடும்பப் பெயர். ஆஸ்திரியாவிலும் பொஹீமியாவிலும் மொராவியாவிலும் பெரும் நிலம் வைத்திருந்த குடும்பம். அன்றைய புனித ரோமப் பேரரசின் சபையில் இடம் வேண்டும் என்றால் பேரரசருக்கு நேரடியாகக் கீழே உள்ள நிலம் கையில் இருக்க வேண்டும். அதற்காக 1699இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712இல் வாடுஸையும் விலைக்கு வாங்கினார்கள். 1719 ஜனவரி 23 அன்று பேரரசர் ஆறாம் சார்லஸ் இரண்டையும் சேர்த்து நாடாக்கி, குடும்பத்தின் பெயரையே வைத்தார். அதற்குப் பிறகும் வியன்னாவில்தான் வாழ்ந்தார்கள். ஆட்சியில் இருந்த இளவரசர் ஒருவர் முதன்முதலில் வந்து பார்த்தது 1842இல். நிரந்தரமாகக் குடிவந்தது 1938இல், இரண்டாம் ஃபிரான்ஸ் யோசெஃப். நாடு உருவாகி 219 வருடத்துக்குப் பிறகு!

முதல் உலகப் போரில் இன்னொரு அடி. அதுவரை ஆஸ்திரியாவோடு சுங்க ஒன்றியம், ஆஸ்திரிய நாணயம். போர் முடிந்ததும் அந்த நாணயம் கடதாசியாகிவிட்டது, சனத்தின் சேமிப்பு அதோடு போய்விட்டது. பிறகு சுவிஸ் பக்கம் திரும்பினார்கள். 1923இல் சுங்க ஒப்பந்தம், 1924இல் நடைமுறை. சொந்த நாணயம் இல்லை என்று அந்தப் பதிவு வியக்கிறதே, வியக்க ஒன்றும் இல்லை. கையில் இருந்த காசு பெறுமதி இழப்பதைப் பார்த்த சனம், உறுதியான காசு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்தது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

தள்ளிப்போட்டு வந்த விஷயம் இதுதான்.

'தலைக்கு வருமானத்தில் உலகின் முதல் வரிசை நாடு' என்பார்கள். எண் பிழையில்லை. அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். நாட்டில் ஒரு வருடம் உற்பத்தியான எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி, அங்கே வசிக்கிறவர்களின் தொகையால் வகுக்கிறார்கள். லிக்டன்ஸ்டைனில் வேலை செய்கிறவர்கள் 40,000க்கு மேல், அதாவது பிள்ளைகள், முதியவர்கள் எல்லோரையும் சேர்த்த மக்கள் தொகையை விட அதிகம். வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியே இருந்து வருகிறவர்கள். சுவிஸில் இருந்து நாங்கள், ஆஸ்திரியாவில் இருந்து ஃபோரால்பெர்க்காரர்கள், கொஞ்சம் ஜெர்மனியில் இருந்தும். காலையில் வந்து மாலையில் திரும்புகிறோம்.

ஊர்க்கணக்கில் சொல்கிறேன். ஒரு வீட்டில் 9 பேர். அதில் 4 பேர் வயலில் இறங்குகிறார்கள், வெளியே இருந்து 5 பேர் கூலிக்கு வருகிறார்கள். ஒன்பது பேர் உழைப்பில் 90 மூட்டை நெல். அதை வீட்டில் உள்ள 9 பேரால் வகுத்துத் 'தலைக்கு 10 மூட்டை விளைவிக்கிற வீடு' என்று எழுதினால் ஊரே வாயைப் பிளக்கும். கூலிக்கு வந்த ஐந்து பேரும், அவர்களின் பெண்சாதி பிள்ளைகளும் அந்தக் கணக்கில் எங்கே? விளைச்சலில் இருக்கிறார்கள், தலைகளில் இல்லை.

நான் 23 வருடமாக அந்த எண்ணின் மேல்பாதியில் இருக்கிறேன். கீழ்ப்பாதியில் இல்லை. புக்ஸில் என் வீட்டு மாடிப்படியில் மட்டும் அப்படி மூன்று குடும்பம்.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சம்பளம் நல்ல சம்பளம், மரியாதையாக நடத்துகிறார்கள், என் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது பணக்கார நாடுதான். ஆனால் 'வேலைக்குப் போகத் தேவையில்லாத நாடு' என்று ஒருவர் எழுதி, இலட்சம் பேர் அதைப் பகிரும்போது, காலையில் அந்தப் பாலத்தில் வரிசையாக நிற்கிற அத்தனை வண்டிகளும் இல்லாமல் போய்விடுகின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

24 ஆகஸ்ட், பிறகு

அங்கேயே குடியேற வேண்டியதுதானே என்று கேட்டால்: முடியாது. குடியேற்றத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். வருடத்துக்கு 72 அனுமதி, 56 வேலை செய்கிறவர்களுக்கு, 16 மற்றவர்களுக்கு. அதில் பாதி குலுக்கல் முறையில். ஆமாம், சீட்டுக் குலுக்கல். நானும் ஒரு காலத்தில் விண்ணப்பிக்க நினைத்தேன்.

26 ஆகஸ்ட்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். அந்த 72 அனுமதியும் குலுக்கலும் ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளின், அதாவது ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் சேர்ந்த பொதுச் சந்தையின், குடிமக்களுக்கு. சுவிஸ் குடியுரிமை வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக மிகச் சில இடங்கள். எனக்கு இப்போது சுவிஸ் குடியுரிமை, ஆகவே நான் அந்தக் குலுக்கலுக்குள் வரமாட்டேன். எல்லோருக்கும் ஒரே விதி என்பது போலக் கலந்து எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

குடியுரிமை இன்னும் கடினம். 30 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும், 20 வயதுக்குள் வாழ்ந்த வருடங்கள் இரட்டிப்பாகக் கணக்கில் வரும். அல்லது 10 வருடம் வசித்த பிறகு, அந்த ஊராட்சி மக்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். பழைய குடியுரிமையையும் விட்டுவிட வேண்டும். அந்த நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று 2020 ஆகஸ்ட்டில் வாக்கெடுப்பு நடந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். அதே நாளில் ரயில் பாதையை விரிவாக்கும் திட்டத்தையும் நிராகரித்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது முடிவில் இன்னும் மனவருத்தம் உண்டு. ஃபெல்ட்கிர்க்கில் இருந்து புக்ஸுக்கு ஒரே ஒரு பாதை நாட்டைக் குறுக்கே கடக்கிறது, ரயில் ஓட்டுவது ஆஸ்திரிய ரயில்வே. தலைநகருக்கு ரயில் நிலையமே கிடையாது. வேலைக்கு வருகிறவர்கள் வாக்களிக்க முடியாது, வாக்களித்தவர்களில் பலர் ரயிலில் வருகிறவர்கள் இல்லை.

7 செப்டம்பர்

அப்படி என்னதான் அங்கே செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தொழில் உற்பத்தியில் இருந்து வருகிறது, நிதித்துறை அதற்குப் பின்னால்தான். கட்டட வேலை செய்த யாரைக் கேட்டாலும் ஹில்டி துளைக்கருவியைத் தெரியும், சிவப்புப் பெட்டி. 1941இல் ஷானில் மார்ட்டின், ஓய்கன் என்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க 30,000க்கு மேற்பட்டவர்கள் அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார்கள். எஷன் என்ற ஊரில் கார்களுக்கான ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிறார்கள். ஷானிலேயே இன்னொரு நிறுவனம், இவோக்ளார், செயற்கைப் பற்களும் பல் மருத்துவப் பொருள்களும் செய்து உலகத்துக்கே அனுப்புகிறது. உங்கள் ஊர்ப் பல் மருத்துவரின் அலமாரியில் அந்தப் பெயர் இருந்தாலும் இருக்கும், போகும்போது பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இப்போது செய்யப்படாத ஒரு பொருள். கூர்ட்டா என்ற கைக் கணிப்பான். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு உருளை, மேலே மிளகு அரைக்கும் கருவி போல ஒரு கைப்பிடி. மின்சாரம் கிடையாது. சுற்றினால் கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். அதைக் கண்டுபிடித்தவர் கூர்ட் ஹெர்ட்ஸ்டார்க், வியன்னாக்காரர், தந்தை யூதர். 1943இல் நாஜிகள் பிடித்து புக்கன்வால்ட் முகாமில் போட்டார்கள். இந்தக் கருவியின் வரைபடங்களை அந்த முகாமுக்குள் இருந்தே வரைந்தார். போருக்குப் பிறகு லிக்டன்ஸ்டைன் அவரை அழைத்தது, மௌரன் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார்கள். 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 140,000 கருவிகள் செய்தார்கள். மின்னணுக் கணிப்பான் வந்ததும் நின்றது. ஒருமுறை என் கையில் ஒன்றைத் தந்தார்கள். சுற்றும்போது உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பிடிக்கிற அந்த மெல்லிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. இயந்திர வேலை செய்கிறவனுக்குத்தான் அதன் அருமை முழுதாகத் தெரியும். 

8 செப்டம்பர்

ஒரு சொல் விட்டுப்போனது. ஹெர்ட்ஸ்டார்க் பிறகு அந்த நாட்டைவிட்டுப் போகவில்லை, 1988இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

20 செப்டம்பர்

கதவு பூட்டுவதில்லை, சிறையில் ஏழு பேர். குற்றம் குறைவு என்பது உண்மை. வாடுஸில் ஒரு சின்னச் சிறை இருக்கிறது. நீண்ட தண்டனை பெற்றவர்களை ஒப்பந்தப்படி ஆஸ்திரியச் சிறைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி நாட்டை அளக்க முடியாது. கதவைப் பற்றி: எனக்குத் தெரிந்த எல்லோரும் பூட்டுகிறார்கள். ஷான் ரயில் நிலையத்தில் நிறுத்திய என் சைக்கிள் 2014இல் காணாமல் போனது. பூட்டாமல் விட்டது என் பிழைதான், ஆனால் பதிவு எழுதியவருக்கு இதையும் சொல்ல வேண்டும்.

25 செப்டம்பர்

இன்று 98 வருடம். 1927இல் இதே நாளில் ஷான் ரயில் பாலத்துக்கு அருகே ரைன் அணை உடைந்தது. அங்கிருந்து கீழே ருக்கெல் வரை பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர். அடுத்த வருடம், 1928இல், நாட்டின் சேமிப்பு வங்கியில் பெரிய மோசடி வெளியே வந்து அரசே பதவி விலகியது. வெள்ளமும் மோசடியும் ஒரே வருட இடைவெளியில். இன்றைக்கு நூறு வருடம்கூட ஆகவில்லை. 

மாலையில் சைக்கிளில் வரும்போது அணை மேட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.

12 அக்டோபர்

இளவரசர் சர்வாதிகாரியா என்று இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி இருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வளவு அதிகாரம் உள்ள அரச குடும்பம் அரிது. மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தையும் அவர் ஒப்புதல் தராமல் நிறுத்தலாம். 2003இல் இளவரசர் இரண்டாம் ஹன்ஸ் ஆடம் தன் அதிகாரத்தை விரிவாக்கும் அரசியலமைப்பைக் கொண்டுவந்தார், நிறைவேறாவிட்டால் வியன்னாவுக்குப் போய்விடுவேன் என்றார். வாக்காளர்களில் 64 சதவீதத்தினர் சரி என்றார்கள். 2012இல் அந்தத் தடுப்பதிகாரத்தைக் குறைக்க ஒரு வாக்கெடுப்பு, 76 சதவீதத்தினர் குறைக்க வேண்டாம் என்றார்கள். மறுபக்கம், அதே அரசியலமைப்பில் மக்கள் வாக்களித்து முடியாட்சியையே ஒழிக்கலாம், எந்த ஊராட்சியும் நாட்டைவிட்டுப் பிரிந்து போகலாம் என்று எழுதியிருக்கிறது. 2004இல் இருந்து அன்றாட ஆட்சி மகன் அலோயிஸ் கையில்.

நான் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. என் வேலைத்தலத்தில் கேட்டால் பெரும்பாலானோர் இளவரசரை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். 

பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1984இல்! 1971இலும் 1973இலும் ஆண்கள் வாக்களித்து மறுத்தார்கள், மூன்றாம் தரம் 51 சதவீதத்தில் தப்பியது. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி வாக்களிக்க முடியாத நாட்டில் 22 வயது வரை வளர்ந்தவர். இந்த வருடம் ஏப்ரலில் பிரிகிட்டே ஹாஸ் நாட்டின் முதல் பெண் பிரதமரானபோது அவர் கேக் கொண்டுவந்தார்.

2 நவம்பர்

இது நான் கனநாளாக எழுத நினைத்தது, இன்று எழுதாவிட்டால் எழுதமாட்டேன்.

1945 மே 2ஆம் தேதி இரவு, போர் முடியும் தறுவாயில், ஜெர்மன் சீருடையில் சோவியத்துக்கு எதிராகப் போரிட்ட ரஷ்யப் படைப்பிரிவு ஒன்று ஷெல்லன்பெர்க் எல்லை வழியாக உள்ளே வந்தது. குடும்பங்களும் சேர்த்து ஏறத்தாழ 500 பேர். தலைவர் போரிஸ் ஸ்மிஸ்லோவ்ஸ்கி. அப்போது நாட்டின் சனத்தொகையே ஏறத்தாழ 12,000. சோவியத் அவர்களைத் திருப்பித் தரச் சொன்னது. பெரிய நாடுகள் எல்லாம் அப்படிப்பட்டவர்களைக் கட்டாயமாக ஒப்படைத்துக்கொண்டிருந்த நேரம். லிக்டன்ஸ்டைன் ஒருவரையும் கட்டாயப்படுத்தி ஒப்படைக்கவில்லை. ஒரு பகுதியினர் வாக்குறுதியை நம்பித் தாமாகத் திரும்பினார்கள். மற்றவர்களில் பலர் பிறகு ஆர்ஜென்டினா போனார்கள். ஹின்டர்ஷெல்லன்பெர்க்கில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

1991இல் எல்லையில் கையில் ஒரு பையோடு நின்றவன் நான். அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது என்ன தோன்றும் என்று எழுதத் தெரியவில்லை.

3 நவம்பர்

நேற்று எழுதியது அரைக் கதை, மீதியையும் சொல்ல வேண்டும். அதே நாடு போருக்கு முன்பும் போரின்போதும் யூத அகதிகள் சிலரை ஏற்றது, வேறு பலரை எல்லையில் திருப்பியது. இதையெல்லாம் ஆராய 2001இல் வரலாற்றாசிரியர் குழு ஒன்றை அரசே அமைத்தது, 2005இல் அறிக்கை வந்தது. அந்த 500 பேரும் யாருடைய சீருடையில் வந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் கல் எனக்கு இன்னும் பெரிதுதான். ஆனால் எல்லையில் திருப்பப்பட்டவர்களுக்கும் நான் கடன்பட்டவன், அவர்களைச் சொல்லாமல் விட்டது பிழை.

9 நவம்பர்

கால்பந்து கேட்டவருக்குச் சுருக்கமாக: சொந்தத் தேசிய லீக் கிடையாது, கழகங்கள் சுவிஸ் லீக்கில் ஆடுகின்றன. வாடுஸ் கழகம் 2022இல் சுவிஸின் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே ஐரோப்பிய கான்பரன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குப் போனது. பனிச்சறுக்கில்தான் அவர்கள் பலம். 1980 ஒலிம்பிக்கில் ஹன்னி வென்ட்சல் ஒருவரே இரண்டு தங்கம், ஒரு வெள்ளி.

16 நவம்பர்

முதல் கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 'நம்மால் ஏன் முடியவில்லை?'

23 வருடம் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. அவர்கள் தனியாக எதையும் செய்யவில்லை. காசு சுவிஸின் காசு, ரயில் ஆஸ்திரியாவின் ரயில், கைதிக்கு ஆஸ்திரியச் சிறை, தொழிற்சாலைக்கு மூன்று நாட்டுக் கைகள். 1995இல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்திலும் சேர்ந்துகொண்டார்கள், சுவிஸ் சேராத இடம் அது. எந்தக் கதவு தேவையோ அதைத் திறந்து வைத்தார்கள், குடியிருக்கும் கதவை மட்டும் இறுக்கிச் சாத்தினார்கள். 40,000 பேருக்கு இது முடியும், சுற்றிலும் பெரிய, அமைதியான அயலவர்கள் இருந்தால் முடியும். எட்டுக் கோடிப் பேர் உள்ள இடத்துக்கு, போர் நடந்த தீவுக்கு, இதை அப்படியே கொண்டுபோக முடியாது. மச்சானிடமும் இதையே சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

23 நவம்பர்

ஓய்வூதியம் யார் தருவார் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அவரும் எல்லை தாண்டி வேலை செய்கிறவர் போல. வேலை செய்யும் நாட்டில்தான் பங்களிப்பு கட்டுகிறோம், தம்பி. வருமான வரி எனக்குப் புக்ஸில், ஓய்வூதியப் பங்களிப்பு அங்கே. ஆகவே அந்த வருடங்களுக்கான ஓய்வூதியம் லிக்டன்ஸ்டைன் தரும், சுவிஸில் வேலை செய்த வருடங்களுக்குச் சுவிஸ் தனியாகத் தரும். இரண்டு இடத்திலும் கணக்கு விவரம் கேட்டு வாங்கி வையுங்கள், பிந்த விடாதீர்கள். அங்கே வருடத்துக்கு 13 மாதக் கொடுப்பனவு ஏற்கெனவே இருக்கிறது. சுவிஸில் அதற்கு 2024 மார்ச் வாக்கெடுப்பில்தான் ஒப்புதல் கிடைத்தது.

எனக்கு அந்த விவரக் கடிதம் போன கிழமை வந்தது. வேலை செய்த ஒவ்வொரு வருடமும் ஒரு வரி, 2002இல் தொடங்கி. மேலே என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். மனைவி அதை வாங்கி வரிவரியாக வாசித்துவிட்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் வைத்தாள்.